துக்கம் விசாரிக்கும் படங்கள்

சாட்சிய இலக்கியம் குறித்துப் பேசத் தொடங்கிய எங்கள் சிறு குழு, சில மாதங்களில் ஒளிப்படங்களில் வந்து நின்றது. வந்த வழியைச் சொல்லிவிடுவது நல்லது. ரிகோபெர்த்தா மெஞ்சுவின் வாழ்க்கைக் கதையை எங்களில் பலரும் ஆங்கிலத்தில் வாசித்திருந்தோம். குவாத்தமாலாவின் கிச்சே மாயன் இனத்தவரான அவர் 1982இல் பாரிஸில் எலிசபெத் புர்கோஸ் என்ற மானிடவியலாளரிடம் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிவாகி, 1983இல் ஸ்பானிய மொழியில் வெளியான நூல் அது. 1992இல் மெஞ்சுவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் டேவிட் ஸ்டோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அந்தக் கதையின் சில பகுதிகள் நடந்தபடி சொல்லப்படவில்லை என்று தனி நூலே எழுதினார். மெஞ்சுவின் தம்பியை ராணுவம் கொன்றது உண்மை. ஆனால் நூலில் உள்ளபடி சஹூல் என்ற ஊரின் சதுக்கத்தில், குடும்பத்தார் கண்ணெதிரே, உயிரோடு எரிக்கப்பட்டார் என்பது உண்மையல்ல என்பது அவர் வாதங்களில் முக்கியமானது.

இரண்டு சந்திப்புகளை இந்த விவாதமே விழுங்கிவிட்டது. ஒரு சமூகத்தின் துயரத்தை ஒரு குரலில் சொல்லலாமா, சொன்னால் எது சலுகை, எது பொய் என்றெல்லாம் வழக்கம் போல உரக்கப் பேசினோம். எங்களில் மிகக் குறைவாகப் பேசுகிற தோழி ஒருவர்தான் கேட்டார்: “அதெல்லாம் சரி. அந்தச் சதுக்கத்தைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டு வாழ்கிற சஹூல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?” அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. தேடியபோது, அவ்வூர்ப் பெண்கள் இருபது பேர் தாங்களே ஒளிப்படங்கள் எடுத்து, தாங்களே அவற்றுக்குக் கதை சொல்லி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்று இருப்பது தெரிந்தது. ‘குரல்களும் பிம்பங்களும்: சஹூலின் மாயா இஷில் பெண்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் கிச்சே மாவட்டத்தில் நெபாஹ், கொட்சால், சஹூல் என மூன்று ஊர்களைச் சேர்த்து இஷில் முக்கோணம் என்பார்கள். பெண்கள் இடுப்பில் பட்டையைக் கட்டித் தறியை இழுத்துப் பிடித்து நெய்கிற நாடு. மக்காச்சோளம்தான் அங்கே சோறு. 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் அந்நாட்டில் இறந்தோரும் காணாமல் ஆக்கப்பட்டோரும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று ஐக்கிய நாடுகள் ஆதரவுடன் அமைந்த உண்மையறியும் ஆணையம் 1999இல் கணித்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயன்கள். இஷில் பகுதியில் 70 முதல் 90 விழுக்காடு கிராமங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. இந்த எண்களை வாசித்துவிட்டு நாம் அடுத்த வரிக்குப் போய்விட முடிகிறது; எண்களின் இயல்பு அப்படி. ஆனால் எங்களை நிறுத்தியது வேறொரு தகவல். ராணுவம் கிராமத்து ஆண்களைக் கட்டாயப்படுத்தி ‘சிவில் காவல் படை’களில் சேர்த்தது. அண்டை வீட்டானை அண்டை வீட்டானே காட்டிக்கொடுக்கவும், சில இடங்களில் கொல்லவும் நேர்ந்தது. போர் முடிந்தபோது விதவையும், அவள் கணவனைக் கொண்டுபோனவனும் ஒரே தெருவில் வசித்தார்கள். ஒரே சந்தையில் சோளம் வாங்கினார்கள்.

1996 டிசம்பரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. அதை நம்பிப் பேசலாமா என்பதற்கு ஒரு நிகழ்ச்சியே போதும். கத்தோலிக்கத் திருச்சபை திரட்டிய சாட்சியங்களின் தொகுப்பை ஆயர் ஹுவான் ஹெரார்தி 1998 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டார். 26ஆம் தேதி இரவு தம் இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான் சஹூல் பெண்கள் கையில் கேமராவோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் ‘புதிய விடியல்’ என்று தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சோளம் அரைக்கும் எந்திரம் ஒன்றை நடத்துவது, பிள்ளைகளுக்கு வகுப்பு, சிறிய நூலகம் என்பன அச்சங்கத்தின் அன்றாட வேலைகள். பாஸ்டன் கல்லூரியின் உளவியலாளர் பிரிண்டன் லைக்ஸ் 1990களின் தொடக்கத்திலிருந்து அவர்களோடு பணிபுரிந்து வந்தார். எல் சால்வடோரின் ஏசுசபைத் துறவியும் உளவியலாளருமான இக்னாசியோ மார்ட்டின்-பாரோவின் சிந்தனை மரபில் வந்தவர் லைக்ஸ். போரின் காயம் தனி மனிதரின் மண்டைக்குள் இருக்கும் நோய் மட்டும் அன்று, மனிதர்களுக்கு இடையே அறுந்துபோன உறவுகளில் இருக்கிறது என்பது மார்ட்டின்-பாரோவின் கருத்து. 1989 நவம்பர் 16 அன்று சான் சால்வடோரில் ராணுவம் சுட்டுக்கொன்ற ஆறு துறவிகளில் அவரும் ஒருவர்.

கேமராவைக் கையில் கொடுக்கும் யோசனை சீனாவிலிருந்து வந்தது. 1990களின் முற்பகுதியில் யுன்னான் மாநிலத்தின் இரண்டு வட்டங்களில் 62 கிராமத்துப் பெண்களுக்குக் கேமரா தந்து, தம் அன்றாடத்தைப் படம் எடுக்கச் சொன்னார்கள் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர். ஃபோர்டு அறக்கட்டளையின் பெண்கள் நலத் திட்டம் அது. பின்னாளில் ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. பங்கேற்பு ஒளிப்படக்கலை என்று நாம் சொல்லலாம், பெயர் சற்று அலுவலக வாடை வீசினாலும். அப்பெண்கள் எடுத்தவற்றுள் ஒன்று, தாய் சோளக்கொல்லையில் களை எடுக்கையில் வரப்போரம் தனியே கிடக்கும் குழந்தையின் படம். நம்மூர் வயல்களில் வேலியிலோ மரக்கிளையிலோ புடவைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நடவுக்கு இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட படங்களை அதிகாரிகள் முன் வைத்து, பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று அவர்களால் வாதாட முடிந்தது.

படத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு அம்முறையில் ஐந்து கேள்விகள் உண்டு. இங்கே என்ன காண்கிறாய்? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? இது நம் வாழ்வோடு எப்படித் தொடர்புடையது? ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? முதல் வாசிப்பில் பயிற்சிப் பட்டறையின் சுவரொட்டி போல இருந்தன. இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் இவற்றை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

சாவு வீட்டில் கேட்டிருக்கிறோம். துக்கம் ‘விசாரிப்பது’ என்றுதானே சொல்கிறோம். துக்கத்தைப் போக்கவோ தேற்றவோ போகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, விசாரிக்கப் போகிறோம். போய் உட்கார்ந்ததும், “எப்படி ஆச்சு?” என்கிறோம். அந்த வீட்டுப் பெண், காலையிலிருந்து வந்த இருபது பேருக்குச் சொன்னதையே இருபத்தோராவது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்கிறாள். தண்ணீர் கேட்டது, கண்ணைத் திறந்து பார்த்தது, ஆட்டோ வர நேரமானது. அடுத்து வருபவருக்கும் அதுவே. நகரத்து நாகரிகத்தில் இது கொடுமையாகக்கூடத் தெரியலாம். ஆனால் பதினாறாம் நாளுக்குள் அந்தக் கதை எத்தனையோ செவிகளில் ஏறி, சொல்பவளின் நெஞ்சில் மட்டும் கிடக்காமல் ஊருக்குரியதாக ஆகிவிடுகிறது. நம் மொழியில் புண்ணும் ஆறும், சினமும் ஆறும், பாலும் ஆறும். ஆற்றுகிறவருக்குச் செய்ய அதிகமில்லை. இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சஹூலில் துக்கம் விசாரிக்க முடியாமல் போயிற்று என்பதே எங்களுக்குப் பிடிபட்ட விஷயம். விசாரிக்க வருகிறவன் யார் என்று தெரியாது. “எப்படி ஆச்சு” என்ற கேள்விக்கு உண்மையான பதில், அடுத்த வீட்டுக்காரனின் பெயராக இருக்கக்கூடும். பல வீடுகளில் உடலே கிடைக்கவில்லை. ஆக, ஆயிரம் வீடுகளில் ஆயிரம் கதைகள் சொல்லப்படாமல் பதினைந்து ஆண்டுகள் கிடந்தன.

இந்த நிலையில் ஒளிப்படம் என்ன செய்கிறது? அது ஒரு சாக்கு. நேருக்கு நேர் ஒருத்தியிடம் உன் கணவன் எப்படிச் செத்தான் என்று கேட்க இயலாது. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே தரையில் கிடக்கும் ஒரு படத்தைக் காட்டி, இது யார் வீடு, இந்தக் கூரை ஏன் புதிதாக இருக்கிறது என்று கேட்கலாம். கண்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். படத்தைப் பார்த்தால் போதும். சஹூல் பெண்கள் இதை முறையாகவே செய்தார்கள். முதலில் தம் ஊரைப் படம் எடுத்தார்கள். பின்னர் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்றார்கள். படத்தில் இருப்பவரிடம் அமர்ந்து கதை கேட்டுப் பதிவு செய்தார்கள். திரும்பி வந்து சிறு குழுக்களாகப் பிரிந்து படங்களை அடுக்கி, எது எதோடு சேரும், எது ஏன் வேறுபடுகிறது என்று பேசினார்கள். பேசியதை எழுதினார்கள். அதை மீண்டும் பெரிய குழுவில் வைத்துத் திருத்தினார்கள். ஒரு படத்துக்கு இத்தனை கைமாற்றம். அதுவோ பிலிம் சுருள் காலம். ஒரு சுருளில் முப்பத்தாறு முறைதான் விசையை அழுத்த முடியும். எதை எடுப்பது என்று யோசிக்காமல் எடுக்க வழியில்லை.

நூலைப் புரட்டுகிறவர் எதிர்பார்ப்பது பிணங்களை. கிடைப்பதோ பெரும்பாலும் பெண்கள் வேலை செய்யும் காட்சிகள். போரின் கதை படத்துக்குக் கீழே உள்ள சொற்களில் வருகிறது. 1982இல் நடந்ததை 1998இல் படம் எடுக்க முடியாது அல்லவா. முடிந்து போனதைக் கேமராவால் தொட இயலாது. அது தொடக்கூடியது, பிழைத்திருப்பவர் இன்று எங்கே நின்று அதைச் சொல்கிறார் என்பதை மட்டும்.

இந்த இடத்தில் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அந்த ஐந்து கேள்விகளையும் நாமே சோதித்துப் பார்ப்போம் என்று ஆளுக்கொரு குடும்பப் படத்தை அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. கல்யாணப் படம், திருப்பதி மொட்டைப் படம், ஸ்டுடியோவில் காகித நிலாவுக்கு முன் நிற்கும் அத்தை, நடுக்கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிவந்த, சந்தனப் பொட்டின் கறை கண்ணாடியில் அப்படியே இருக்கும் தாத்தா. முன்பு கேள்வி கேட்ட அதே தோழி பழைய நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பாலிதீன் உறைக்குள் இருந்தது. எரிந்துபோன குடிசையொன்றின் முன் ஒரு முதிய பெண், முந்தானை சரிய, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வாய் பிளந்து கதறுகிறார்.

“எங்க அப்பாயி” என்றார் தோழி. “அவங்களுக்கு இருக்கிற ஒரே படம் இதுதான்.”

அவருடைய தெரு ஒரு சாதிக் கலவரத்தில் கொளுத்தப்பட்ட மறுநாள் வந்த படக்காரர் எடுத்தது. படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர் இருக்கிறது. அப்பாயியின் பெயர் இல்லை. அவர்கள் வீட்டில் எடுக்கப்பட்ட முதல் படமே தோழியின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காக எடுத்ததுதானாம். அதற்கு முன்பே அப்பாயி இறந்துவிட்டார். வருடா வருடம் திவசத்துக்கு, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அப்பா இந்தத் துண்டை எடுத்துப் பார்ப்பாராம், திரும்ப உறைக்குள் வைத்துவிடுவாராம். கதறுகிற தாயை எப்படிச் சுவரில் மாட்டுவது? ஒருமுறை ஸ்டுடியோவில் கொடுத்து முகத்தை மட்டும் வெட்டி, வாயை மூடியதுபோல வரைந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வரைந்தும் கொடுத்தார்கள். அது வேறு யாரோ போல இருந்தது.

எங்கள் வழக்கமான சத்தம் அன்று இல்லை. ஐந்து கேள்விகளில் இரண்டாவதை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தோழி சொல்லத் தொடங்கினார். கலவரத்தைப் பற்றி இரண்டு வாக்கியம்தான். மீதி ஒரு மணி நேரமும் அப்பாயியின் சுருக்குப்பையைப் பற்றியும், அதற்குள் வெற்றிலைக்கு நடுவே ஒளித்து வைத்திருந்த நாலணாக்களைப் பற்றியும், கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு கண்மாயில் விரால் பிடித்ததைப் பற்றியும், ஊரில் யார் வீட்டுப் பிரசவமானாலும் அப்பாயியைக் கூப்பிட ஆள் வந்ததைப் பற்றியும், கூப்பிட வந்த ஆள் வாசலுக்கு வெளியிலேயே நின்றதைப் பற்றியும். “அன்னைக்கு எங்க வீட்ல யாராவது ஒருத்தர் கையில கேமரா இருந்திருந்தா அப்பாயி விரால் புடிக்கிறதத்தான் எடுத்திருப்போம்” என்றார்.

நாளிதழ்ப் படம் பொய் சொல்லவில்லை. அந்தக் கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்ததே அதனால்தான் என்றும் வாதிடலாம். எங்களில் ஒருவர் வாதிட்டார், தோழியும் மறுக்கவில்லை. ஆனால் எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு மனுஷிக்கு எஞ்சிய ஒரே நொடி எது என்பதை அவரைத் தெரியாத ஒருவர் முடிவு செய்தார், அதுவும் அவருக்கு மிகக் கொடிய நாளில். சஹூல் நூலில் தறியும் சோளமும் ஏன் அத்தனை பக்கங்களை எடுத்துக்கொண்டன என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

இந்த முறையின் மேல் எங்களுக்கு ஐயங்கள் இல்லாமல் இல்லை. கேமராவைக் கொடுத்ததும் காயம் ஆறிவிடுகிறது என்பதுபோல எழுதப்படும் திட்ட அறிக்கைகள் ஏராளம். ‘குணமடைதல்’ என்ற சொல்லே நன்கொடையாளர்களுக்காகத் தைத்த சட்டைபோல் ஆகிவிட்டது. 2004இல் வந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் பெற்ற ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ ஆவணப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கொல்கத்தா சோனாகாச்சியின் குழந்தைகளுக்கு ஸானா பிரிஸ்கி கேமரா பயிற்சி அளிக்கிறார். குழந்தைகள் எடுத்த படங்கள் நிஜமாகவே அருமையானவை. ஆனால் திரைப்படம் குழந்தைகளின் பார்வையைவிடக் குழந்தைகளை மீட்க வந்தவரின் பார்வையில்தான் நகர்கிறது. அங்கே பாலியல் தொழிலாளர்களே 1995 முதல் நடத்திவரும் துர்பார் அமைப்பு என்ற ஒன்று இருப்பதே படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. தாய்மார்கள் வசைபாடுகிறவர்களாக மட்டுமே வந்து போகிறார்கள். பிள்ளையின் கையில் கேமராவைத் தந்துவிட்டு, அதை எடுக்கும் பிள்ளையை இன்னொரு கேமராவால் எடுத்தால், கடைசியில் எந்தக் கேமரா ஜெயிக்கிறது?

தமிழகத்தில் இதற்கு மறுமுனையில் வைத்துப் பார்க்கக்கூடியவர் எம். பழனிக்குமார். மலக்குழி மரணங்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பாரி இணையதளத்தின் ஒளிப்படக்காரர். மீன் விற்ற தாயின் மகன். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமரா கற்றுத்தருகிறார். வெளியிலிருந்து வந்து கொடுப்பதற்கும், தன் தெருவிலிருந்து போய்க் கற்றுத் திரும்பி வந்து கொடுப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. ஆனால் முன்னதை முழுவதும் தள்ளிவிடவும் எங்களுக்கு மனமில்லை. லைக்ஸ் வெளியிலிருந்து வந்தவர்தானே. அவர் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தார், நூலின் அட்டையில் ஆசிரியர் என்ற இடத்தைச் சங்கத்துக்குத் தந்தார். ஒருவேளை அளவுகோல் அதுவாக இருக்கலாம்.

இன்னொரு மனக்குறையும் உண்டு, அது மொழி சார்ந்தது. நூல் ஸ்பானியமும் ஆங்கிலமுமாக வந்தது. அப்பெண்களின் வீட்டு மொழி இஷில். பலருக்கு ஸ்பானியம் பின்னால் கற்ற மொழி, அதாவது ராணுவமும் அலுவலகமும் பேசிய மொழி. இஷிலில் அழுததை ஸ்பானியத்தில் எழுதி, ஆங்கிலத்தில் நாம் வாசித்து, இங்கே தமிழில் சொல்கிறோம். வழியில் என்னென்ன சிந்தியதோ. படம் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமல் வந்து சேர்ந்ததாக ஒரு மயக்கம் ஏற்படுகிறது. ஆனால் அந்தச் சிவப்பு மேலாடையின் நெசவில் உள்ள உருவங்கள் எந்த ஊரைச் சொல்கின்றன என்று எங்களால் படிக்க முடியவில்லை. சஹூல்காரி ஒருத்திக்கு அது முதல் பார்வையில் தெரிந்துவிடும்.

முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட் 2013இல் குவாத்தமாலா நகரில் இன அழிப்புக் குற்றச்சாட்டில் கூண்டில் ஏறினார். 1982–83இல் அவரது ஆட்சியில் 1,771 இஷில் மக்கள் கொல்லப்பட்டது குறித்த வழக்கு. மே 10 அன்று 80 ஆண்டுச் சிறைத் தண்டனை. பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியும் முன்பே 2018 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அந்த வழக்கின் செய்திப் படங்களை எங்கள் கடைசிச் சந்திப்பில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பாலியல் வன்முறை குறித்துச் சாட்சி சொன்ன இஷில் பெண்கள், தாங்கள் நெய்த வண்ணச் சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு சாட்சி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். அறை முழுக்கக் கேமராக்கள். அவர்கள் தம் மொழியிலேயே பேசுகிறார்கள். நீதிபதிகளும், எண்பத்தாறு வயதான அந்தத் தளபதியும், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கிறார்கள்.